மெமரி கார்டின் ஆறு கம்பிகள்

(திண்டுக்கல்லில் நூலக வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மலைக்கோட்டையின் சரித்திரம், சின்னாளபட்டிச் சுங்குடியின் வர்ண விசேஷம், சிறுமலை வாழையின் பெருமை முதலான கம்பீரமான விஷயங்களைக் கேட்டுப் பழகிய ஒரு சபையில், குழந்தைகள் விளையாடி அலுத்துப் பரணில் போட்டுவிட்ட வீடியோ கேம் யந்திரத்தைப் பற்றியும், அதன் வாயில் செருகும் இரண்டு விரற்கடை அகலமுள்ள மெமரி கார்டைப் பற்றியும், அந்தக் கார்டின் இடத்தில் வேறொரு கார்டைச் செருகுவதற்காகச் சிலர் ஈயம் வைத்துத் திருத்திக்கொள்ளும் அடாப்டரைப் பற்றியும் பேச ஒருவன் வந்து நிற்பது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பொருளைச் செய்தவன் அதைக் கைவிட்டுப் போன பிறகும், காசு கொடுத்து வாங்கியவனால் அதை உயிரோடு வைத்துக்கொள்ள முடிகிறதா என்ற கேள்வி, தறிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் டிராக்டருக்கும் எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு இந்த விளையாட்டு யந்திரத்துக்கும் பொருந்தும். சொல்லப்போனால், இங்கேதான் அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பதில் கிடைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில், ஞாபகமே இல்லாத யந்திரங்களின் காலத்தைச் சொல்ல வேண்டும். 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற யந்திரத்தின் நகல்கள், 1990-களில் மீடியா முதலிய பெயர்களோடு நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது, அவற்றை யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, ‘டி.வி. கேம்’ என்றுதான் கேட்டோம், அதில் போடும் பெட்டியைக் ‘கேசட்’ என்றோம், கேசட் ஓடாவிட்டால் அதன் அடிவாயை ஊதிவிட்டு மறுபடி போட்டோம். அமெரிக்காவில் 1987-இல் வெளியான ‘லெஜண்ட் ஆஃப் செல்டா’ என்ற ஆட்டத்தின் கேசட்டுக்குள்ளேயே ஒரு சிறு மின்கலத்தை வைத்து, ஆடியவன் எட்டிய இடத்தை யந்திரம் அணைந்த பிறகும் காப்பாற்றும் ஏற்பாட்டைச் செய்துவிட்டார்கள் என்றாலும், நம்மிடம் விற்ற நகல் கேசட்டுகளில் அந்த மின்கலம் பெரும்பாலும் இராது. செலவைக் குறைக்க எதைக் கழற்றலாம் என்று பார்ப்பவனுக்கு முதலில் கண்ணில் படுவது ஞாபகம்தானே. ஆகவே ஆறாவது கட்டத்தை எட்டிய பையன் அம்மா கூப்பிட்டதும் யந்திரத்தை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவான்; மறுநாள் மாலை முதல் கட்டத்திலிருந்து ஆரம்பிப்பான். அதை அவன் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

ஞாபகத்தை யந்திரத்திலிருந்தும் கேசட்டிலிருந்தும் பிரித்தெடுத்து, ஆடுகிறவனுடைய சட்டைப்பையில் வைத்தது மெமரி கார்டு. 1990-இல் எஸ்.என்.கே. என்னும் ஜப்பானிய நிறுவனம் நியோ ஜியோ என்ற தன் யந்திரத்துக்காக வெறும் 2 கிலோபைட் கொள்ளளவுள்ள கார்டு ஒன்றைச் செய்தது. கடைத்தெருவில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் யந்திரத்தில் பாதி ஆடியதை அந்தக் கார்டில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு யந்திரத்தில் மீதியை ஆடலாம் என்பது அதன் விசேஷம். ஆனால் மெமரி கார்டு உலகத்தின் வீடுகளுக்குள் புகுந்தது 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியான சோனியின் பிளேஸ்டேஷனோடுதான். அதன் கார்டு 128 கிலோபைட். பதினாறு பாகங்களாகப் பிரித்து, ஒன்றை அட்டவணைக்கு ஒதுக்கி, மிச்சம் பதினைந்தை நமக்குக் கொடுத்தார்கள். 2000 மார்ச்சில் வந்த பிளேஸ்டேஷன் 2-இன் கார்டு 8 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு புகைப்படங்களுக்குக்கூட அது போதாது. அன்று அதில் ஒரு தெருப்பிள்ளைகளின் ஆட்டம் முழுவதும் அடங்கியது. கேம் சென்டர்களில் மணிக்கணக்குப் பேசி ஆடிய காலத்தில், பிள்ளைகள் தங்கள் கார்டைத் தாங்களே கொண்டுவந்து செருகி, ஆட்டம் முடிந்ததும் உருவிக்கொண்டு போனதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

நம் ஜில்லாவில் அந்தக் கார்டுக்கு ஒரு சத்துருவும் இருந்தது. 2012-ஐ ஒட்டிய வருஷங்களில் சென்னைக்கு வெளியே தமிழ்நாடெங்கும் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ‘எழுதிக்கொண்டிருக்கிறேன், கார்டை எடுக்காதே’ என்று திரையில் யந்திரம் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டால், பாதி எழுதிய அட்டவணையோடு கார்டு நின்றுவிடும். மின்சாரம் திரும்பி வந்ததும் பார்த்தால் மாதக்கணக்கான ஆட்டம் கெட்டுப்போன கோப்பாகக் காட்சி தரும். இப்போதும் பழைய கார்டுகளைப் பழுதுபார்க்கிறவர்கள் இத்தகைய பாதி எழுத்துக் கோப்புகளை அடிக்கடி சந்திக்கிறார்கள்.

இனி, அந்த யந்திரங்களின் இன்றைய நிலை. பிளேஸ்டேஷன் 2 உலகமெங்கும் பதினைந்து கோடிக்கு மேல் விற்ற யந்திரம். வீட்டு விளையாட்டு யந்திரங்களில் மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று. 2013 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. டிவிடியைப் படிக்கும் லேசர் லென்ஸ் தேய்ந்து மங்கும் பொருள். அது போனால் கூடத்தில் வைத்திருக்கும் ஆட்டத் தகடுகள் எல்லாம் வெறும் வட்டங்கள். இதில் நமக்கு மட்டுமே உரிய நஷ்டம் ஒன்று உண்டு. 2009-இல் ஹைதராபாத்தின் அவுரோனா டெக்னாலஜீஸ் செய்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’, அதே காலத்தில் கபடியையும் கிட்டிப்புள்ளையும் பட்டம் விடுதலையும் திரைக்குக் கொண்டுவந்த ‘தேசி அட்டா’ ஆகிய இந்திய ஆட்டங்கள் அந்த யந்திரத்துக்காக எழுதப்பட்டவை. அவை பிரமாதமான ஆட்டங்கள் என்று நான் வாதாட மாட்டேன். ‘ஹனுமான்’ ஆட்டம் கையைச் சோதிப்பதைவிடப் பொறுமையைத்தான் அதிகம் சோதித்தது. ஆனாலும் ஒரு தேசம் தன் முதல் முயற்சிகளை, அவை தத்தித் தத்தி நடந்தவை என்பதற்காக, ஓட்டிப் பார்க்க யந்திரம் இல்லாமல் இழந்துவிடுவது நியாயமில்லை.

லென்ஸ் போன யந்திரத்துக்கு வேறு வழியாக உணவூட்டலாமா என்று தேடியவர்கள் முதலில் பார்த்தது அதன் முகப்பிலுள்ள யு.எஸ்.பி. துவாரத்தை. அது பழைய 1.1 தரம், விநாடிக்கு 12 மெகாபிட்டுக்கு மேல் கொடுக்காது, திரைக்கதைக் காட்சி வந்தால் படம் திக்கித் திணறும். முதலில் வந்த பருத்த யந்திரத்தின் பின்புறம் ஹார்டு டிஸ்க் பொருத்த ஓர் அறை இருந்தது. 2004-இல் வந்த மெலிந்த மாதிரியில் அந்த அறையையே எடுத்துவிட்டார்கள். ஆக, எல்லா மாதிரிகளுக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது மெமரி கார்டு செருகும் அந்தச் சிறு வாய்தான்.

இந்த இடத்தில் சற்றுத் தங்கி, அந்த வாய்க்குள் என்ன நடக்கிறது என்று விவரமாகப் பார்க்க உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

யந்திரமும் கார்டும் பேசிக்கொள்வது மிக எளிய முறை. யந்திரம் ஒரு கம்பியில் சீரான துடிப்பை அனுப்பும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கம்பியில் தன் கட்டளையின் ஒரு பிட்டை வைக்கும். மற்றொரு கம்பியில் கார்டு தன் விடையின் ஒரு பிட்டை வைக்கும். ‘உன்னிடம்தான் பேசுகிறேன்’ என்று கார்டைத் தேர்ந்தெடுக்க நான்காவது கம்பி. இவற்றோடு மின்சாரமும் தரையும் சேர்த்தால் ஆறு. இப்போது 1999-இல் மாட்சுஷிதா, சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி அறிவித்த எஸ்.டி. கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தன் சொந்த வேகமான பாஷை ஒன்று உண்டென்றாலும், சின்னஞ்சிறு கருவிகளும் தன்னோடு பேசட்டும் என்பதற்காக எஸ்.பி.ஐ. என்ற பழைய எளிய முறையையும் அது தெரிந்துவைத்திருக்கிறது. அந்த முறையிலும் துடிப்பு, கட்டளை, விடை, தேர்வு என்று நான்கு கம்பிகள்தாம். அதற்கு வேண்டிய மின்னழுத்தம் 2.7 முதல் 3.6 வோல்ட், யந்திரம் கார்டுக்குக் கொடுப்பது மூன்றரை வோல்ட்டை ஒட்டியது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டத்தார், வெவ்வேறு காரியங்களுக்காக, வெவ்வேறு வருஷங்களில் வகுத்த இரண்டு ஏற்பாடுகள் இவ்வளவு நெருங்கி நிற்பது அதிர்ஷ்டம் போலத் தோன்றும். உண்மையில் குறைந்த கம்பியில் குறைந்த செலவில் பேச வேண்டும் என்ற ஒரே நிர்ப்பந்தம் இரு சாராரையும் ஒரே வழிக்குத் தள்ளியிருக்கிறது.

ஆகவே அடாப்டர் என்பது மூளையில்லாத ஆறு கம்பிகள். எம்.எக்ஸ்.4.எஸ்.ஐ.ஓ. என்ற பெயரில் வழங்குவது இதுவே. பிளேஸ்டேஷன் 2-இன் இரண்டாவது கார்டு வாயில் செருகுவார்கள். இதை விலைக்கு வாங்காமல் கையால் செய்துகொள்ள விரும்புகிறவர்கள், செத்துப்போன ஒரு மலிவு மெமரி கார்டைத் திறந்து, உள்ளிருக்கும் சில்லுகளைக் கழற்றிவிட்டு, அதன் தொடர்புப் பட்டைகளை மாத்திரம் வைத்துக்கொண்டு, மைக்ரோ எஸ்.டி. கார்டு வாங்கும்போது கூட இலவசமாகக் கொடுக்கிறார்களே, பெரிய கார்டு வடிவத்தில் ஓர் உறை, அதன் பட்டைகளோடு மெல்லிய கம்பிகளால் இணைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் எந்தக் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையின் இழுப்பறையிலும் அந்த உறைகள் கேட்பாரற்றுக் கிடக்கும். அந்தக் கடைக்காரர் ‘ஜம்பர் அடிப்பது’ என்று சொல்லும் வேலையும் இதுவும் ஒரே சாமர்த்தியத்தைச் சேர்ந்தவை.

எந்தப் பட்டையை எதனோடு சேர்ப்பது என்று குறித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். யந்திரத்தின் வாயில் முதலாவது விடை. அது உறையின் ஏழாவது பட்டைக்குப் போகும். இரண்டாவது கட்டளை, அது இரண்டாவதற்கே. நான்காவது தரை, உறையில் மூன்றும் ஆறும் தரை. ஐந்தாவது மின்சாரம், நான்காவதற்கு. ஆறாவது தேர்வு, முதலாவதற்கு. ஏழாவது துடிப்பு, ஐந்தாவதற்கு. நான் விட்டுவிட்ட மூன்றாவது பட்டையில்தான் ஆபத்து இருக்கிறது. ஆடுகிறவன் கையிலுள்ள கைப்பிடியை அதிரவைக்கும் மோட்டாருக்காக அங்கே ஏழு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. ஈயத்தின் ஒரு துளி அந்தப் பட்டையிலிருந்து பக்கத்துப் பட்டைக்குத் தாவிவிட்டால் எஸ்.டி. கார்டு அந்தக் கணமே முடிந்தது. யந்திரத்தில் செருகும் முன்னால் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு பட்டையையும் அடுத்ததோடு சோதிப்பவன் பயந்தவன் அல்லன், அனுபவஸ்தன்.

கம்பி சரியாக இருந்தும் பேச்சு புரியாத இடம் ஒன்று உண்டு. எஸ்.டி. கார்டு ஒவ்வொரு பைட்டிலும் பெரிய பிட்டை முதலில் சொல்லும். சோனியின் யந்திரம் சிறிய பிட்டை முதலில் எதிர்பார்க்கும். எட்டெழுத்துச் சொல் ஒவ்வொன்றும் தலைகீழாக வந்து சேர்வதால், யந்திரத்தில் ஓடும் மென்பொருள் ஒவ்வொரு பைட்டையும் திருப்பி அடுக்கிக்கொள்கிறது. அதற்கு 256 விடைகளும் முன்கூட்டியே எழுதிய ஓர் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. இந்த மென்பொருளை எழுதியவர்கள் அதற்காக எந்த ஸ்தாபனத்திலும் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டாவது தொல்லை இன்னும் சூட்சுமமானது. அடாப்டரைத் திருத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறக்கிறது. விடைக்கம்பி ஒருவருக்கு மட்டும் சொந்தமல்ல. கைப்பிடியும் மெமரி கார்டும் அதே கம்பியில்தான் விடை சொல்கின்றன. தேர்வுக்கம்பி யாரைத் தொடுகிறதோ அவர் மட்டும் பேச, மற்றவர் மௌனமாக இருக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். எஸ்.டி. கார்டுக்கு இந்தச் சம்பிரதாயத்தில் ஓர் அசிரத்தை உண்டு. ‘உன் முறை முடிந்தது’ என்று தேர்வை விலக்கிக்கொண்ட பிறகும், மேலும் சில துடிப்புகள் வந்து சேரும் வரையில் அது விடைக்கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் கைப்பிடி பேச முயன்றால் இரண்டு குரலும் மோதும். ஆடுகிறவன் பொத்தானை அழுத்துவான், திரையில் வீரன் நின்ற இடத்திலேயே நிற்பான். நல்ல மென்பொருள் எட்டுத் துடிப்புகளை வீணாக அனுப்பி அந்தக் கம்பியை விடுவிக்கும். இதை மென்பொருளுக்கு விடாமல் கம்பியிலேயே சரிசெய்ய விரும்புகிறவர்கள், தேர்வு விலகிய மறுகணமே விடைக்கம்பியை அறுத்துவிடும் முந்நிலை பஃபர் சில்லு ஒன்றை, 74 வரிசையில் 125 என்ற எண்ணுடையதை, நடுவில் வைக்கிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கும் எந்தக் கடையிலும் அது சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவரிடம் சொல்லி அனுப்பினால் ஒரு பொட்டலமாகவே கொண்டுவருவார்.

மற்றவை சிறு காரியங்கள். ஆனால் மலிவு அடாப்டர்களில் விடுபட்டிருப்பவை இவைதாம். எஸ்.டி. கார்டு எழுதும்போது திடீரென்று மின்சாரத்தை உறிஞ்சும். அந்தக் கணம் அழுத்தம் தாழாமல் இருக்க, கார்டின் மின்சாரப் பட்டைக்கும் தரைக்கும் இடையில், எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றும் வைக்க வேண்டும். உபயோகிக்காத எட்டாவது, ஒன்பதாவது பட்டைகளைக் காற்றில் விடாமல் 10 முதல் 100 கிலோஓம் வரையுள்ள ரெசிஸ்டரால் மின்சாரத்தோடு கட்ட வேண்டும். கம்பி குட்டையாக இருக்க வேண்டும். உறையின் பிளாஸ்டிக் சூடு தாங்காது, உருகிப் பட்டை கோணிக்கொள்ளும். ஆகையால் பட்டைக்கும் கம்பிக்கும் தனித்தனியே முன்னால் ஈயம் பூசிவைத்துக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்து இரும்பை ஒரு தொடு தொட்டு எடுத்துவிட வேண்டும். யந்திரத்தின் வாயிலுள்ள பழைய பட்டைகளில் களிம்பேறியிருந்தால் ஐசோபிரபைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும். ஊதுவது கேசட் காலத்து மூடநம்பிக்கை, எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும்.

மூளையில்லாத அடாப்டருக்கு ஓர் எல்லை உண்டு. யந்திரத்தில் எஸ்.டி. பாஷை தெரிந்த மென்பொருள் ஓடினால்தான் அது பயன்படும். முதல் பிளேஸ்டேஷன் தன் கார்டிடமிருந்து ஒவ்வொரு பைட்டுக்கும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒப்புதலைத் தனிக்கம்பியில் எதிர்பார்க்கும்; எஸ்.டி. கார்டு அப்படியொரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. அங்கே அடாப்டருக்குள் ஒரு துபாஷியை உட்காரவைத்தாக வேண்டும். 2021-இல் ராஸ்பெர்ரி பை ஸ்தாபனம் வெளியிட்ட ஆர்.பி.2040 என்ற சில்லைத் தாங்கிய, நான்கு டாலர் விலையுள்ள பிக்கோ பலகை இந்த வேலைக்கு வந்து வாய்த்தது. யந்திரத்தின் பக்கம் அசல் மெமரி கார்டாகவே நடித்து, மறுபக்கம் சாதாரணச் சேமிப்பில் எழுதும் ‘பிக்கோமெம்கார்டு’ என்ற திட்டத்தின் மூலத்தை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

நின்டெண்டோவின் கேம்க்யூப் பற்றி ஒரு வார்த்தை. 2001-இல் வந்த அந்த யந்திரத்தின் கார்டு வாயும் எஸ்.டி. கார்டோடு நேரே பேசக்கூடியது. பிட்டுகளைத் திருப்பும் தொல்லையும் அங்கே இல்லை. வேடிக்கை என்னவென்றால், 2003-இல் நின்டெண்டோ தானே ஓர் எஸ்.டி. அடாப்டரைச் செய்து ஜப்பானில் மட்டும் விற்றது. தயாரித்தவனே ஒருமுறை திறந்துகாட்டிய வாசலை மற்றவர்கள் பின்னால் உபயோகித்துக்கொண்டார்கள் என்றால் அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

திருட்டு என்ற வார்த்தை வந்துவிட்டது. பூட்டைப் பற்றிப் பேசாமல் திண்டுக்கல்லில் ஒரு சொற்பொழிவை முடிக்க முடியாது என்பதும் தெரிந்ததே. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டின் விசேஷம், அது கையால் செய்தது என்பதில் அடங்கியிருக்கிறது. லீவர்களை ஒவ்வொன்றாக ராவிப் பொருத்துகிறவர், ஒரு மாங்காய்ப் பூட்டின் சாவி மற்றொன்றில் திரும்பாதபடி செய்துவிடுகிறார். அலிகாரிலிருந்து வரும் மலிவுப் பூட்டுகள் கடைகளை நிரப்பிய பிறகு நாகல் நகர்ப் பட்டறைகள் அநேகம் ஓசை அடங்கிவிட்டன. ஆனால் பூட்டுக்காரரின் தொழில் தர்மம் மாறவில்லை: பூட்டுச் செய்யத் தெரிந்தவருக்குப் பூட்டைத் திறக்கவும் தெரியும், சாவியைத் தொலைத்தவர் வீட்டுக்காரர்தானா என்று பார்த்துவிட்டுத் திறப்பார். சோனியின் ‘மேஜிக்கேட்’ என்ற ரகசிய எழுத்துமுறை அத்தகைய ஒரு பூட்டு. தன் அனுமதி பெறாத கார்டை யந்திரம் ஏற்காது. அதைத் தாண்டியவர்கள் கதவை உடைக்கவில்லை. யந்திரம் விழித்ததும், தன்னைப் புதுப்பிக்கும் மென்பொருள் ஏதாவது மெமரி கார்டில் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்க்கும்படி சோனியே செய்துவைத்திருந்தது. 2008-இல் வெளிவந்த ‘ஃப்ரீ எம்.சி.பூட்’ என்ற மென்பொருள் அந்த இடத்தில் தன்னை வைத்துக்கொண்டது. கடைசியாக வந்த 90000 வரிசை யந்திரங்களில் பலவற்றில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். பழையது வாங்குகிறவர்கள் யந்திரத்தின் அடியிலுள்ள எண்ணைப் பார்த்து வாங்குவது இதனால்தான்.

வீட்டுக்காரர் யார் என்ற கேள்விக்கு நம் சட்டம் ஓரளவு பதில் சொல்கிறது. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர் நஷ்டத்துக்கும் சேதத்துக்கும் பாதுகாப்பாக அதன் நகலை எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் உத்தேசத்தோடு பாதுகாப்பு ஏற்பாட்டைத் தாண்டுகிறவருக்கு இரண்டு வருஷம் வரை சிறைவாசமும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகத் தாண்டுவதை அது விட்டுவைக்கிறது. உங்கள் அலமாரியிலுள்ள தகட்டை நீங்களே எஸ்.டி. கார்டில் ஏற்றிக்கொள்வது ஒன்று. எங்கோ யாரோ குவித்துவைத்திருக்கும் ஆயிரம் ஆட்டங்களை அள்ளிக்கொண்டு வருவதும், அவற்றை ஏற்றிய கார்டைக் கடையில் விற்பதும் முற்றிலும் வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த முயலும் வியாபாரிகளிடம் எனக்கு அனுதாபம் கிடையாது. மறுபக்கம், 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தபோது உழவுக் கருவி, கைப்பேசி, வாகனம் என்றெல்லாம் பேசினார்கள். உற்பத்தியை நிறுத்திவிட்ட நிறுவனம் தன் பூட்டின் சாவியை என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒருநாள் பேசத்தான் வேண்டும்.

அந்தச் சாவியை நிறுவனம் கையிலேயே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு பிளேஸ்டேஷன் வீட்டா உதாரணம். 2011 டிசம்பரில் வந்த அந்தக் கையடக்க யந்திரத்துக்கு எஸ்.டி. கார்டு போதாதா என்று உலகமே கேட்டபோது, சோனி தனக்கு மட்டுமே உரிய ஒரு கார்டை வகுத்து, வெளிச்சந்தையில் அதே கொள்ளளவுக்கு ஆகும் விலையைவிடப் பல மடங்கு வைத்தது. அதன் வாயில் வேறெதுவும் பேச முடியாது. கடைசியில் ஆட்டக் கார்டைச் செருகும் வேறொரு வாய் வழியாக, ‘எஸ்.டி.2வீட்டா’ என்ற நகத்தளவு அடாப்டரில் மைக்ரோ எஸ்.டி. நுழைந்தது. யந்திரம் நல்ல யந்திரம்தான். அதை வாங்கியவர்களில் அநேகர் முதலில் அலுத்துக்கொண்டது கார்டின் விலையைப் பற்றியே.

கூட்டத்துக்கு வந்திருக்கும் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், எதில் ஆரம்பிப்பது என்று முன்பே சீட்டு அனுப்பியிருந்தார். தம்பி, அடாப்டரைத் தொடுவதற்கு முன்னால் பழைய கார்டில் இருப்பதை நகல் எடுங்கள். ‘ஃப்ரீ எம்.சி.பூட்’ ஏற்றிய கார்டோடு ஒரு யந்திரம் உங்கள் நண்பர்களில் யாரிடமாவது இருக்கும். முதலாவது வாயில் அந்தக் கார்டையும் இரண்டாவது வாயில் உங்கள் பழைய கார்டையும் யு.எஸ்.பி. துவாரத்தில் ஒரு பென்டிரைவையும் செருகி, கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுத்து, அதைக் கணினியிலும் ஒரு பிரதி வைத்துவிட்டுப் பிறகு இரும்பைச் சூடாக்குங்கள். கெட்டுப்போன கோப்பையும் விடாமல் எடுங்கள்; அட்டவணை மட்டும் சிதைந்த கோப்பைச் சரிசெய்யும் வழி பின்னால் கிடைக்கக்கூடும், அழித்த கோப்புக்கு அது கிடையாது. நின்டெண்டோ 64 வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம்: அதன் 32 கிலோபைட் கார்டு ஞாபகத்தைத் தாங்குவது ஒரு சி.ஆர்.2032 மின்கலத்தின் தயவில். அந்த மின்கலம் தீர்ந்த மறுநிமிஷம் எழுதியது அத்தனையும் போய்விடும். அதிலுள்ள ஞாபகச் சில்லைக் கழற்றிவிட்டு மின்கலமே வேண்டாத எஃப்ராம் சில்லைப் பற்றவைப்பவர்கள் உண்டு. அந்த வேலையை உங்கள் இரண்டாவது முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள், கால்கள் மிக நெருக்கமானவை. மல்டிமீட்டர் இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கலாம், கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.